பதின்மூன்றாம் படி

புதன்கிழமை காலை பத்தே முக்காலுக்கு நான் இரண்டு சோப்புத்தூள் பீப்பாய்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன். வயது நாற்பத்தெட்டு, முன்னால் தொப்பை, அதன்மேல் அலுவலக அடையாள அட்டை. ஒளிவதற்கென்று படைக்கப்பட்ட உடம்பு அல்ல இது. இடது பக்கத்தை மறைத்தால் வலது பக்கம் வெளியே வந்து எட்டிப் பார்த்தது.

ஆனாலும் ஒளிந்தே ஆக வேண்டும். எனக்குச் சம்பளமே அதற்குத்தான்.

மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடிக் கொடுக்கும் மறுவாழ்வு அலுவலகம் ஒன்றில் நான் வேலைப் பயிற்சியாளன். வேலை கிடைத்தவரோடு நானும் வேலைக்குப் போவேன். முதல் வாரம் அவர் பக்கத்தில் நிற்பேன். இரண்டாவது வாரம் நாலடி தள்ளி நிற்பேன். மூன்றாவது வாரம் வாசலில். நான்காவது வாரம் நான் அங்கே இருக்கவே கூடாது. படிவத்தில் இதற்கு ‘விலகல் திட்டம்’ என்று பெயர். விருந்துக்குப் போன வீட்டில்கூட எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்க்கிற ரகம் நான். அப்படிப்பட்டவனைப் பிடித்து விலகுகிற வேலையில் போட்டிருக்கிறார்கள்.

இடம், ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடம். ஒரு பக்கம் உலர்த்தும் இயந்திரங்கள் ஓயாமல் உருண்டுகொண்டிருக்கும். சக்கரம் வைத்த துணித்தொட்டிகள் சூடு பறக்க வந்து மேசையோரம் முட்டி நிற்கும். காலியாவதற்குள் அடுத்தது வந்துவிடும். மேசையில் கைத்துண்டுகளை மடிக்க வேண்டும். கறையோ கிழிசலோ இருந்தால் நீலக் கூடையில் போட வேண்டும். பத்துப் பத்தாக அடுக்கி, நாடாவால் கட்டி, அலமாரி வண்டியில் வைக்க வேண்டும். வார்டுகளில் யாரும் பிரித்து எண்ணுவதில்லை. கட்டு என்றால் பத்து என்று நம்பித்தான் எடுத்துப் போவார்கள்.

இந்த வேலையைப் பன்னிரண்டு படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் படம் எடுத்து, அட்டையில் ஒட்டி, சுவரில் வரிசையாக மாட்டியிருந்தேன். அப்போது என்மேல் எனக்கு ஏற்பட்ட மரியாதையை இங்கே விவரிக்க விரும்பவில்லை.

மேசையருகே நின்றவர் ஆபீசர். வயது இருபத்தொன்பது. அறிவு வளர்ச்சிக் குறைபாடு என்று கோப்பின் முதல் பக்கம் சொல்லும். அவருடைய அக்கா சொல்வது வேறு: “பத்து வயசுலேர்ந்து அவன் சட்டைய அவனேதான் தேய்ப்பான் சார். சுருக்கம் இருந்தா வாசப்படி தாண்ட மாட்டான். அதான் ஆபீசர்.” பதினொரு வருடம் ஒரு பராமரிப்பு மையத்தில் காகிதப் பை ஒட்டியவர் அவர். ஒட்டிய பைகளைச் சாயங்காலம் பிரித்து, மறுநாள் மறுபடி ஒட்டக் கொடுப்பார்களாம். ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு நேராக எங்கள் அலுவலகத்துக்கு வந்து, “எனக்கு நெஜ வேலை வேணும்” என்றார்.

அந்த நிஜ வேலைக்காரர்தான் இப்போது பத்துத் துண்டுகளை அடுக்கி, கட்டி, மார்போடு அணைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டாயிற்று. புதிய தொட்டி ஒன்று வந்து பழைய தொட்டியை முட்டியது. என் வலது கால் தன்பாட்டுக்கு ஆட ஆரம்பித்தது.

“போடுங்க ஆபீசர், வண்டில வைங்க, பதினொண்ணாவது அட்டையப் பாருங்க” என்று பீப்பாயிடம் முணுமுணுத்தேன். பீப்பாய் பதில் சொல்லவில்லை. ஆபீசர் கூடத்தைச் சுற்றிலும் எதையோ தேடினார். ஆளைத் தேடுகிறவர்போல் அல்ல, சாவியைத் தேடுகிறவர்போல.

பக்கத்து மேசையில் விரிப்பு மடிக்கும் ரேடியோ அக்காதான் மர்மத்தை உடைத்தார். நிறுத்தாமல் பேசுவார் என்பதால் அந்தப் பெயர். இயந்திர இரைச்சலே அவருக்குப் பயந்து அடக்கி வாசிக்கும்.

“சார், பீப்பா சார்! வெளில வாங்க, முதுகு தெரியுது. தம்பி எதத் தேடுறாருன்னு தெரியலையா உங்களுக்கு?”

“எதை?”

“உங்க தலைய.”

“என் தலையவா?”

“மூணு வாரமா பாக்கறேன். கட்டு முடிஞ்சதும் உங்களப் பாப்பாரு. நீங்க இப்படி ஒரு ஆட்டு ஆட்டுவீங்க. அப்புறம்தான் வண்டில வெப்பாரு. போன வாரம் வாசல்ல நின்னு டிரைவர்கிட்ட பேசிக்கிட்டே தலையாட்டுனீங்களே, அதுக்கும் ஒரு கட்டு வெச்சாரு.”

நம்பவில்லை. பீப்பாய்க்குப் பின்னாலிருந்து எழுந்து, ஆபீசரைப் பார்த்து, லேசாகத் தலையை ஆட்டினேன்.

ஆபீசரின் முகம் தெளிந்தது. கட்டு வண்டிக்குப் போயிற்று. கை அடுத்த துண்டை எடுத்தது.

நான் அங்கேயே ஒரு கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்துவிட்டேன். பிறவியிலேயே தலையாட்டி நான். தொலைபேசியிலும் ஆட்டுவேன். “உன் கழுத்துல எலும்புக்குப் பதிலா ஸ்பிரிங்கு வெச்சிட்டாங்க” என்பாள் என் மனைவி. அவள் கேட்டதற்கெல்லாம் ஆட்டியது போதாதென்று, பன்னிரண்டு படியுள்ள வேலையில் பதின்மூன்றாவதாக என் தலையையும் சேர்த்துப் பாடம் நடத்தியிருக்கிறேன். அதற்கு மட்டும் அட்டை மாட்டவில்லை.

அடுத்ததாக இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஆபீசருக்கு இது முதல் வேலை அல்ல. மூன்றாவது. முதலில் ஒரு பெரிய கடையில் பெட்டி அடுக்கினார். மூன்று வாரம் பிரமாதம். நான்காவது வாரம் நான் விலகினேன். “நின்னுக்கிட்டே தூங்குறாரு” என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்தது செடி வளர்க்கும் பண்ணை. அங்கேயும் நான் விலகினேன், அங்கேயும் ஒரு தொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாராம். இரண்டு கோப்பிலும் காரணம் என்ற கட்டத்தில் ‘கவனக் குறைவு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். யாருடைய கவனம் என்று எழுதவில்லை.

மூன்று முறைதான் சந்தர்ப்பம். மூன்றாவதும் போனால் கோப்பை மூடிவிடுவார்கள், ஆபீசர் காகிதப் பைக்குத் திரும்ப வேண்டும். முடிவுநாள் வெள்ளிக்கிழமை. மேற்பார்வையாளர் அம்மா முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தார்: “வெள்ளிக்கிழமை ரெண்டுலேர்ந்து மூணு மணி வரைக்கும் நான் உக்காந்து பாப்பேன். பதினெட்டு கட்டு வந்தா ஆளு எனக்கு. வரலேன்னா உங்களுக்கு. நீங்க கண்ணுல படக்கூடாது சார். நான் வேலைக்கு எடுக்கறது அவரை, உங்களை இல்ல.”

என் தலை இருந்தால் ஆபீசர் மணிக்கு இருபத்திரண்டு கட்டுவார். என் தலை இல்லாவிட்டால் நான்கு.

வியாழக்கிழமை முழுக்க நான் செய்த வைத்தியங்களை அலுவலக அறிக்கையில் எழுத முடியாது. முதலில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். ஆபீசர் கட்டோடு நடந்து வந்து, எனக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த ஒரு முழ இடத்தில் நுழைந்து நின்று என் முகத்தைப் பார்த்தார். அடுத்து, ‘சரி’ என்று பச்சை மையில் பெரிதாக எழுதிப் பதின்மூன்றாவது அட்டையாக மாட்டினேன். அட்டையைப் படித்தார். “சரி” என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

மதியம் என் மூளை இன்னும் கீழே இறங்கியது. என் முகத்தையே படம் எடுத்து, பெரிதாக்கி, மேசைக்கு எதிரே ஒட்டினேன். ரேடியோ அக்கா விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார்.

“ஐயோ சார், சாமி படம் மாதிரி இருக்கு. சுத்தி விளக்குதான் இல்ல.”

ஆபீசர் படத்தின் முன் நின்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். அப்புறம் என்னிடம் திரும்பி, பொறுமையாகச் சொன்னார்: “இது ஆடல சார்.”

கடைசியில் ரேடியோ அக்காவிடமே போய் நின்றேன். “எனக்குப் பதிலா நீங்க ஆட்ட முடியுமா?”

“பேசறப்ப தன்னால ஆடத்தான் போகுது. அதுல என்ன கஷ்டம்?”

அதில்தான் கஷ்டம். அக்காவின் தலை பேச்சுக்குப் பேச்சு ஆடியது. ஆபீசர் இரண்டு துண்டைக் கட்டி வைத்தார், மூன்றைக் கட்டி வைத்தார், பிறகு நாடாவைக் கீழே போட்டுவிட்டு, “இவங்க எல்லாத்துக்கும் ஆட்டுறாங்க” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து ஆபீசரின் அக்கா தொலைபேசியில் அழைத்தார். ஒரு தொழிற்சாலைச் சமையலறையில் வேலை. பின்னணியில் பாத்திரங்கள் மோதிக்கொண்டிருந்தன.

“சார், எங்க தலைமைச் சமையல்காரர் வேலைக்கு என்னக் கேக்கறாங்க. பகல் முழுக்க அங்க இருக்கணும். திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். இவனுக்கு வேலை நெலைச்சா சரிங்கறேன். நெலைக்கலேன்னா வீட்ல தனியா விட முடியாது. அந்தப் பை ஒட்டுற எடத்துக்கு இனி போக மாட்டேன்னு சாப்பிடாம படுத்துட்டான் போன தடவ. நெஜத்தச் சொல்லுங்க சார், எப்படிப் போகுது?”

“நல்லாத்தான்மா போகுது.”

“தலையாட்டிக்கிட்டே சொல்றீங்களா?”

“இல்லம்மா” என்று சொல்லி, ஆட்டினேன். அந்தக் குடும்பத்துக்கு என்னைப் பற்றித் தெரிந்திருந்தது, எனக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஒன்றரை மணிக்கு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். திருட்டுத்தனம் செய்வதென்று முடிவு.

உலர்த்தும் அறையின் கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி உண்டு. ஆபீசரின் மேசை அதற்கு நேர் எதிரே. மேற்பார்வையாளர் அம்மாவின் நாற்காலி அதற்கு முதுகு காட்டி இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் நின்று தலையாட்டினால் ஆபீசருக்கு மட்டும் தெரியும். ஒரு மணி நேரம், பதினெட்டு ஆட்டு, ஒரு வேலை. திங்கட்கிழமை என்ன செய்வது? அதைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம். பதினாறு வருட அனுபவம் உள்ளவன் போட்ட திட்டம் இது என்பதைக் கவனிக்கவும்.

உள்ளே அனல். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு மணிக்கு அம்மா குறிப்பேட்டைத் திறந்தார். ஆபீசர் முதல் கட்டை முடித்து நிமிர்ந்தார், என் வட்டமுகத்தை வட்டக் கண்ணாடியில் கண்டுபிடித்தார். ஆட்டினேன். வைத்தார். இரண்டு, மூன்று, நான்கு. போகிறது, போகிறது என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் அம்மா நாற்காலியில் அசையும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வந்தது. திரும்பிவிடுவாரோ? அவர் பேனா நின்றால் பார்த்தேன். பேனா ஓடினால் என்ன எழுதுகிறார் என்று பார்த்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மறுபடி அம்மாவின் கொண்டையைப் பார்த்தேன். ஓரக்கண்ணில் ஆபீசர் நிமிர்வது தெரிந்தால் போதும், தலை தானாக ஆடிவிடும். இரண்டு இருபத்தைந்துக்கு எட்டுக் கட்டு வண்டியில் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை ரேடியோ அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவருடைய தண்ணீர் பாட்டில் கவிழ்ந்தது. பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டி, ஆபீசர் கட்டப் போன அடுக்கின் மேல் துண்டை உருவி மேசையைத் துடைத்தார். ஆபீசர் அடுக்கைப் பார்த்தார். ஒன்பது. என்னைப் பார்த்தார். நான் கொண்டையைப் பார்த்தபடி தலையாட்டினேன்.

ஆபீசர் வைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார். ஆட்டினேன். அவர் கட்டைக் கீழே வைத்து, இரண்டு துண்டை எடுத்து ஒதுக்கினார். மிச்சத்தைத் தூக்கி, முகத்துக்கு நேரே பிடித்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, மனதார, அழகாக, இரண்டு முறை ஆட்டினேன்.

கதவு திறந்தபோதுதான் நான் அவரைப் பார்த்தேன். கையில் கட்டு. சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை.

“சார், இது எத்தன?”

“பத்து ஆபீசர், பத்து. சீக்கிரம் போய் வைங்க, அம்மா பாத்துடப் போறாங்க.”

“ஏழு.”

எண்ணிப் பார்த்தேன். ஏழுதான்.

“நீங்க பாக்கல.”

“பாத்தேன் ஆபீசர். வேர்வைல கொஞ்சம்...”

“பாக்கல. தல மட்டும் ஆடுச்சு.” அவர் என் கழுத்தையே உற்றுப் பார்த்தார். பழுதான கருவியைப் பார்ப்பதுபோல. “நேத்து?”

சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்தேன்.

“கடையில? பெட்டி அடுக்கனேனே, அங்கயும் பாக்கலையா?”

என்னிடம் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள், எதற்கும் தலை தயாராக இருக்கும். இதற்கு அது அசையவில்லை. அவரும் காத்திருக்கவில்லை. “அப்ப எல்லாத்தையும் எண்ணணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

போய், வண்டியிலிருந்த எட்டுக் கட்டையும் இறக்கினார். நாடாவை அவிழ்த்தார். ஒவ்வொரு துண்டாக எண்ண ஆரம்பித்தார்.

எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கடிகாரம் இரண்டு இருபத்தொன்பது. எல்லாம் சரியாகத்தான் இருக்கும், நான் பார்க்காவிட்டாலும் நீங்கள் பார்த்தீர்களே, தயவுசெய்து கட்டுங்கள் என்று ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும். ஆனால் நான் சொன்னால் யார் நம்புவார்? கதவுக் கைப்பிடியைப் பிடித்தேன், விட்டேன், பிடித்தேன். தொட்டிகள் வந்து வந்து முட்டின. அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார். ரேடியோ அக்கா பேச்சை நிறுத்தினார். அந்தக் கூடத்தில் அது முதல் தடவையாம். உலர்த்தும் இயந்திரம்தான் ஏதோ பழுதாகிவிட்டதென்று பக்கத்து அறையிலிருந்து ஓர் ஆள் ஓடிவந்து பார்த்துவிட்டுப் போனார்.

“பத்து” என்றார் ஆபீசர். கட்டினார். வண்டியில் வைத்தார். அடுத்தது. “பத்து.” அடுத்தது. “பத்து.”

எட்டும் பத்துதான். ஒன்றுகூடக் குறையவில்லை. அதை முடிக்கும்போது மணி இரண்டு ஐம்பது. அதன் பிறகு ஏழோடு மூன்றைச் சேர்த்தார், “பத்து” என்று யாரிடமும் இல்லாமல் உரக்கச் சொன்னார், வைத்தார். புதுத் துண்டை எடுத்தார். கண்ணாடிப் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. நான் அங்கேயே நின்றேன், முகம் முழுவதும் தெரிகிறபடி, யாராவது என்னைத் தேடட்டும் என்பதுபோல.

மூன்று மணிக்குப் பதினொரு கட்டு.

மேற்பார்வையாளர் அம்மாவின் கண்ணாடி அறைக்குள் நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் கால் ஆடும்.

“பதினொண்ணு சார்” என்றார். “பதினெட்டுக்கு ஏழு கம்மி. எதுக்கு நடுவுல எல்லாத்தையும் அவுத்தாரு?”

சொன்னேன். தலை, பதின்மூன்றாவது படி, கடை, பண்ணை, இரண்டு கோப்பிலும் நான் எழுதிய காரணம், வட்டக் கண்ணாடி, ஏழு துண்டு. அவர் என்னைத் துணிமூட்டையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப இத்தன நாளா மக்கர் பண்ணது நீங்களா?”

“நான்தான்மா. தப்பு அவரோடது இல்ல. எங்க ஆபீஸ்ல எழுதிக் குடுக்கறேன். இந்த ஒரு மணி நேரத்த வெச்சு மட்டும் முடிவு பண்ணாதீங்க.”

“எத வெச்சு முடிவு பண்ணணும்னு எனக்குத் தெரியும். கட்டுல ஒண்ணு கொறையுது, ரெண்டு கொறையுதுன்னு வார்டுலேர்ந்து வாரத்துக்கு ஒரு தடவ கத்துறாங்க. இங்க வேலை செய்யற ஒருத்தரும் வெச்ச கட்ட அவுத்து எண்ணினதில்ல.” கண்ணாடி வழியே மேசையைப் பார்த்தார். “ஆனா பதினொண்ணு பதினொண்ணுதான். அத நான் பதினெட்டுன்னு எழுத முடியாது. ரெண்டு வாரம் தர்றேன். பதினெட்டு வரணும். வந்தா நிரந்தரம்.”

எனக்கு மூச்சு வந்தது. “நான் திங்கக்கிழமை காலையிலயே வந்து...”

“இருங்க” என்றார். கதவைத் திறந்து ஆபீசரைக் கூப்பிட்டார். கையிலிருந்த துண்டை மடித்து முடித்துவிட்டுத்தான் ஆபீசர் வந்தார்.

“இன்னும் ரெண்டு வாரம் வேலை செய்யறீங்களா?”

“செய்யறேன்.”

“சார் கூட இருக்கணுமா?”

ஆபீசர் என்னைப் பார்த்தார். கோபமாக இருந்தால் தாங்கியிருப்பேன். அவர் யோசித்தார்.

“வேணாம். சார் பாக்க மாட்டாரு” என்றார். பிறகு, நான் வருத்தப்படக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, “நல்லவருதான்” என்று சேர்த்தார். போய்விட்டார்.

விலகல் திட்டம் நிறைவேறியது. படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் உண்டு. எப்படி நிறைவேறியது என்று எழுத இடம் இல்லாதது நல்லதாயிற்று.

கூடத்தின் ஓரத்தில் நின்று அவருடைய அக்காவை அழைத்தேன். இந்த முறை கழுத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொன்னேன். பதினொன்று என்றேன். இரண்டு வாரம் என்றேன். நிரந்தரம் இல்லை, வரும் என்று சத்தியமும் செய்ய முடியாது என்றேன்.

அடுப்பைப் பார்த்துக்கொள்ளும்படி யாரிடமோ சொல்லிவிட்டு அக்கா கேட்டார்:

“திங்கக்கிழமை அவன் கூட யார் சார் இருப்பாங்க?”

“கூட வேலை செய்யறவங்க இருப்பாங்கம்மா. நான் இருக்க மாட்டேன்.”

“யாருமே இல்லாம நின்னுட்டான்னா? போன தடவ மாதிரி?”

“தெரியலம்மா. இன்னிக்கு கடைசி பத்து நிமிஷம் யாரையும் பாக்காம செஞ்சாரு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

“அவன்கிட்ட குடுங்க.”

மேசைக்குப் போய் தொலைபேசியை நீட்டினேன். புதிய தொட்டி ஒன்று அப்போதுதான் வந்து நின்றிருந்தது, ஆவி அடங்காமல். ஆபீசர் தொலைபேசியைக் காதில் வைக்கவில்லை. வாய்க்கு நேராகப் பிடித்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்:

“அக்கா, நான் வேலைல இருக்கேன். நாலு மணிக்கு மேல பேசு.”

என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, “ஒண்ணு” என்று ஆரம்பித்தார்.

நான் வாசல்வரை நடந்த பிறகும் இணைப்பு அறுபடவில்லை. அக்கா அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாமல் நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது குரல் வந்தது.

“நான் வெச்சிடறேன் சார். அவனுக்கு வேலை இருக்கு. எனக்கும் மேலதிகாரியப் பாத்து ஒரு பதில் சொல்லணும்.”